நாலாவது அமரர்

போன வாரம் மெய் லிங் போன் செய்தாள். பீடோங்கில் நான் வேலை பார்த்த அச்சகத்தின் முதலாளி மகள் அவள். இப்போது கடையை அவள்தான் நடத்துகிறாள்.

"ஸ்டெல்லாக்கா, புதுசா ரெண்டு பொண்ணுங்க சேந்திருக்காங்க. இப்ப எல்லாம் வாயால சொன்னா போதும், கம்ப்யூட்டரே தமிழ்ல அடிச்சிருது. ஆனா கார்டுல தப்பு வந்துக்கிட்டே இருக்கு லா. என்னென்ன கவனிக்கணும்னு நீங்க எழுதித் தாங்களேன். அந்தப் பிள்ளைங்க படிக்கட்டும்."

வாயால் சொன்னால் அடிக்குமாம். விரலால் சொன்னதையே தன் இஷ்டத்துக்கு மாற்றிப் போட்ட சாதியைச் சேர்ந்தது அது. வாயால் சொன்னால் என்னென்ன செய்யும்? எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் கவனிக்க வேண்டியவற்றை ஒன்று, இரண்டு என்று போட்டுக் கொடுத்தால் அந்தப் பெண்கள் சுவரில் ஒட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். அதனால் நடந்ததையே எழுதுகிறேன்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பீடோங்கைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களில் ஒன்றில் பிறந்தேன். அப்பாவும் அம்மாவும் பால் வெட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கு வந்த சாமியார் ஒருவர், "இவளைத் தட்டச்சு படிக்க வையுங்கள்" என்று சொன்னார். சுங்கை பட்டாணியில் ஒரு கடையின் மாடியில் தமிழ்த் தட்டச்சு கற்றேன். 'யளனக' என்று விரல் வீங்க அடித்து, எழுத்துகளைப் பார்க்காமலே அடிக்கப் பழகியதும் பீடோங் அச்சகத்தில் சேர்ந்தேன். கல்யாண அட்டை, திருவிழா நோட்டீஸ், பதினாறாம் நாள் அழைப்பு, நினைவஞ்சலி. சுற்று வட்டாரத்தில் யார் பிறந்தாலும் மணந்தாலும் செத்தாலும் அது என் விரல் வழியாகத்தான் போகும். பிறகு தட்டச்சு இயந்திரம் போய்க் கணினி வந்தது. அதிலும் எழுத்துகள் அதே பழைய இடத்திலேயே இருந்ததால் நான் ஒன்றையும் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கவில்லை. அப்படியே ஓய்வு வரை ஓட்டிவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் தௌக்கேயை, அதாவது முதலாளியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். மெய் லிங்கின் அப்பா. சீனர். தமிழ் பேசுவார், அதுவும் தோட்டத்துத் தமிழ். ஆனால் ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. படிக்கத் தெரியாத அவர்தான் எங்கள் கடையில் தமிழ்ப் பிழை திருத்துகிறவர். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

அவர் வழக்கம் இதுதான். வாயில் ஓர் ஆசாம் போய், அதாவது உப்பில் போட்டுக் காயவைத்த புளிப்புப் பழம், ஒதுங்கிக் கிடக்கும். வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்த தாளை இடது பக்கம் வைப்பார். நான் அடித்ததை வலது பக்கம் வைப்பார். மர அடிமட்டத்தை வரிக்குக் கீழே வைத்து, படம் பார்ப்பதுபோல ஓர் எழுத்தை இங்கே பார்த்து அதே எழுத்தை அங்கே தேடுவார். வளைவு, சுழி, கோடு எல்லாம் ஒத்துப்போனால் அடிமட்டம் கீழே இறங்கும். ஒத்துப்போகவில்லை என்றால் அடிமட்டத்தால் மேசையை ஒரு தட்டு.

"ஸ்தெல்லா! சாலா லா, தப்பு! இங்க கொம்பு இருக்கு. அங்க கொம்பு எங்க போச்சி?"

கொம்பு, கால், புள்ளி, சுழி. இந்த நாலு சொல்தான் அவருக்குத் தெரிந்த இலக்கணம். இதை வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வாத்தியார் எழுதிக் கொடுத்த தாளில் றகரம் ரகரமாக இருந்ததைக்கூட ஒரு தடவை பிடித்தார். மேல் வரியில் அதே சொல் வேறு படமாக இருந்ததாம். அவர் கோபப்பட்டுக் கத்தி நான் கேட்டதில்லை. தப்பு இருந்தால் ஆசாம் போயை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றுவார். அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு முதுகு நிமிர்ந்துவிடும்.

அவர் பார்த்து முடித்ததும் அட்டை வாடிக்கையாளரிடம் போகும். அவர்களில் பலருக்கு வாசிக்க நேரமிருக்காது, சிலருக்குக் கண்ணாடி இருக்காது. அதனால் நான் வரிக்கு வரி உரக்கப் படிப்பேன், அவர்கள் கேட்டுத் தலையாட்ட வேண்டும். தலையாட்டாத வரிக்கு அச்சு கிடையாது. எழுதிக் கொண்டுவராமல் வாயால் சொல்கிறவர்களிடம், ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் நான் ஒன்று கேட்பேன். "இருக்காங்களா?" என்பேன். "இல்லக்கா" என்றால் பெயருக்கு முன்னால் அமரர் என்று போடுவேன். கல்யாண அட்டையில் செத்தவர்களும் வந்து நின்று ஆசீர்வதிக்க வேண்டும், ஆனால் யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பது தெரிய வேண்டும். அந்த ஒரு சொல்தான் வேலி.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன்னால் பழைய கணினி புகைந்து செத்தது. மெய் லிங் புதிதாக ஒன்று வாங்கி வந்தாள். கூடவே ஒரு புது விசைப்பலகை, அதற்கு ஒரு புது மென்பொருள்.

"அக்கா, பழசு இதுல ஓடாது. இனிமே இதுதான் எல்லா எடத்துலயும். ரொம்ப சுலபம். உயிரெழுத்து எல்லாம் இடது கைக்கு, மெய்யெழுத்து எல்லாம் வலது கைக்கு" என்றாள்.

சுலபம்தானே என்று உட்கார்ந்தேன். கை பழக்கத்தில் 'யளனக' என்று தட்டினேன். திரையில் 'அஇஉ' என்று வந்து, அதன் பின்னால் ஒரு புள்ளி தொற்றிக்கொண்டு நின்றது. தூக்கிவாரிப் போட்டது எனக்கு. விரல்கள் என்னுடையவை, அவை போன இடமும் சரியான இடம், வந்த எழுத்து மட்டும் யாருடையதோ. மறுபடி தட்டினேன். மறுபடியும் 'அஇஉ'. பக்கவாதம் வந்தவர்கள் ஒன்றைச் சொல்ல நினைத்து வேறொன்றைச் சொல்வார்களே, அது எனக்கு விரலில் வந்துவிட்டதோ என்று உண்மையாகவே பயந்தேன்.

எழுத்துகளின் இடத்தை ஒரு வழியாகப் பழகினேன். ஆனால் வரிசை? கையால் எழுதும்போது கொம்பை முதலில் போட்டு எழுத்தைப் பிறகு போடுகிறோம். பழைய விசையிலும் அப்படித்தான். இந்தப் புதியதோ ஒலிக்கிற மாதிரி கேட்கிறது. முதலில் மெய், பிறகுதான் உயிர். என் கை கேட்குமா? 'செல்வி' என்று அடித்தால் 'எசல்வி' என்று வந்தது. பெருமாள் 'எபருமாள்' ஆனார். கல்யாண அட்டையில் செல்வனும் செல்வியும் இல்லாமல் முடியுமா? ஒரு நாள் முழுக்க என் கடையிலிருந்து எசல்வன்களும் எசல்விகளும் புறப்பட்டுக்கொண்டே இருந்தார்கள். தௌக்கே அடிமட்டத்தால் மேசையைத் தட்டித் தட்டி ஓய்ந்துவிட்டார். ஆசாம் போய் அந்தக் கன்னத்துக்கும் இந்தக் கன்னத்துக்கும் போய் வந்துகொண்டே இருந்தது.

அதைவிட அதிர்ச்சி புள்ளி. நான் போடாத புள்ளியை அது தானே போட்டது. ஒரே எழுத்தை அடுத்தடுத்து இரண்டு தடவை தட்டினால், முதல் எழுத்துக்குப் புள்ளி வைத்துவிடும். அம்மா, அப்பா, தங்கச்சி எல்லாம் சீக்கிரம் வரட்டும் என்று செய்த ஏற்பாடாம். சசிகலா என்று அடித்தேன், 'ச்சிகலா' என்று சீ போட்டது. ந-வும் த-வும் சேர்ந்து வந்தாலும் அதே கதை. நதியா என்று அடித்தால் 'ந்தியா'. ஒரு பூப்புனித நீராட்டு அட்டையில் அந்தப் பெண் தலை போன இந்தியாவாக நின்றாள். மாதாவே என்று தலையில் கை வைத்துக்கொண்டேன்.

"நடுவுல ஒரு 'அ' தட்டுங்கக்கா. அது ரெண்டையும் பிரிச்சு விட்டுரும்" என்று மெய் லிங் சொல்லித் தந்தாள்.

இதெல்லாம் போதாது என்று, நாம் அடிக்கப் போவதை முன்கூட்டியே ஊகித்துச் சொல்லும் வசதி வேறு. ஒரு சொல் முடிந்ததும் அடுத்த சொல் கீழே சின்னதாக வந்து நிற்கும். இடைவெளிக் கட்டையைத் தட்டினால் அது ஏறி உட்கார்ந்துகொள்ளும். நாம் அதிகம் அடிப்பதை அது நினைவில் வைத்துக்கொள்ளுமாம். எங்கள் கடையில் அதிகம் அடிப்பது என்ன? அதற்கு எங்களைப் பற்றி என்ன தெரிந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

அந்த நாள்களில்தான் பாடாங் மேஹாவிலிருந்து தனலெட்சுமி என்ற அம்மா வந்தார். செம்பனைத் தோட்டத்தில் கன்று வளர்க்கும் நர்சரி வேலை. வெயிலில் காய்ந்த முகம், படிய வாரிய தலை, அதிகம் பேசாத வாய். மகளுக்குக் கல்யாணம். தாளில் எழுதி வரவில்லை, வாயாலேயே சொன்னார். ஒரே மகள். பெயர் லலிதா.

எனக்கு லலிதாவைத் தட்டிய உடனே வியர்த்துவிட்டது. ல, ல, இ, த, ஆ. வந்தது 'ல்லிதா'. அழித்தேன். மறுபடியும் 'ல்லிதா'. மெய் லிங் சொல்லித் தந்த 'அ' அந்த நேரத்தில் மண்டையில் ஏறவில்லை. அந்த அம்மா பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணப் பெண்ணின் பெயரை ஒழுங்காக எழுதத் தெரியாதவளிடமா வந்தோம் என்று நினைத்திருப்பார். நாலாம் தடவையோ ஐந்தாம் தடவையோ 'அ' நினைவுக்கு வந்து, லலிதா முழு உருவத்தோடு வந்தாள். அந்தச் சண்டையில் என் மூளை பாதி கரைந்துபோயிருந்தது.

அடுத்து பெரியவர்கள் பெயர். "அவரோட அப்பா வீரப்பன்" என்றார். இருக்காங்களா? இல்லக்கா. அமரர் திரு. வீரப்பன். "அவரோட அம்மா பாப்பாத்தி." இல்லக்கா. அமரர் திருமதி பாப்பாத்தி. "எங்கப்பா சின்னையா." இல்லக்கா. அமரர் திரு. சின்னையா. "எங்கம்மா இருக்காங்க, அவங்க பேர கடைசியா போட்டுக்கலாம்" என்றவர், "பொண்ணோட அப்பா கோவிந்தன்" என்றார்.

"இருக்காங்களா?" என்று கேட்க மறந்து, புது வரிக்கு வந்து இடைவெளிக் கட்டையைத் தட்டினேன். திரு என்று போட்டு, பெயரை அடித்தேன். 'ஏகா' வந்துவிடக் கூடாதே என்று கோவிந்தனின் கோவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் என்ன ஏறி உட்கார்ந்தது என்று பார்க்கவில்லை. மூன்று தடவை அடுத்தடுத்து அமரர் அடித்த கை நாலாவது தடவையும் அதைத்தான் அடிக்கும் என்று அது முடிவு செய்திருக்கிறது.

தௌக்கே பார்த்தார். ஒப்பிடத் தாள் இல்லை என்பதால் கொம்பையும் புள்ளியையும் மட்டும் எண்ணிப் பார்த்தார். அன்றைக்கு அடிமட்டம் மேசையைத் தட்டவே இல்லை.

"ஆ, இது அழகு. நாலு வரியும் ஒரே மாதிரி ஆரம்பிக்குது. வரிசையா நிக்குது, நம்ம ரப்பர் மரம் மாதிரி" என்று மெச்சினார்.

பிறகு நான் அந்த அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மூன்று வரிக்குத் தலையாட்டினார். "அமரர் திரு. கோவிந்தன்" என்று படித்ததும் தலை ஆடவில்லை.

"இன்னொரு தடவ படிங்க."

படித்தேன்.

அவர் கைப்பையின் வாரைப் பிடித்து முறுக்கிக்கொண்டே இருந்தார். கண் கலங்கியது. பாவம், புருஷன் இல்லாமல் ஒற்றையாக மகளைக் கரையேற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். மேசையில் இருந்த டிஷ்யூவை எடுத்து நீட்டினேன். அதை வாங்கிக்கொண்டு, "சரி. அப்படியே இருக்கட்டும்" என்றார். தாரை வார்க்க அண்ணன் இருக்கிறார் என்றும் சொன்னார். அட்டை அச்சானது.

கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லாத சமயத்தில், ஒரு காலையில், கடை வாசலில் ஐஸ் லாரி ஒன்று வந்து நின்றது. மெலிந்த ஓர் ஆள் இறங்கி வந்தார். தலை முழுக்க நரை. சட்டையில் மீன் வாடை. கையில் நான் அடித்த அட்டை.

"இது இங்க அடிச்சதா?"

"ஆமாங்கண்ணே. அட்டையில கடை பேரு இருக்கே."

"இதுல இருக்கிற கோவிந்தன் நான்தான்" என்றார். "நான் எப்ப செத்தேன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

ஏதோ விளையாடுகிறார் என்று நினைத்து அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. அடையாளக் கார்டை எடுத்து மேசையில் வைத்தார். கோவிந்தன், தகப்பன் பெயர் வீரப்பன். நான்தான் இரண்டு பேரையும் ஒரே பக்கத்தில் நிறுத்தியிருந்தேன். தௌக்கேயைக் கூப்பிட்டேன்.

"தஞ்சோங் டாவாய்ல படகுங்களுக்கு ஐஸ் ஏத்துறேன்" என்று அந்த ஆள் தொடர்ந்தார். "கூட வேலை செய்யுற ஒருத்தனோட சொந்தக்காரங்க வீட்டுக்கு இந்தக் கார்டு போயிருக்கு. போன்ல படம் புடிச்சு அனுப்பிட்டாங்க. அன்னையிலேருந்து படகுத் துறையில மலாய்க்காரப் பயலுங்க எல்லாரும் என்னை 'ஹந்து ஹந்து'ன்னு கூப்புடுறானுங்க. பேயாம் நான். சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். நேத்து ராத்திரி இந்தக் கார்டையே ஒருத்தன் கொண்டாந்து கையில குடுத்தான். தாள்ல பாத்ததும் சிரிப்பு வரல."

வீட்டை விட்டுப் போனபோது லலிதா பாலர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாளாம். குடித்ததையும் அடித்ததையும் அவரே சொன்னார், நான் கேட்கவில்லை. குடியை விட்ட பிறகு திரும்பிப் போக முகம் இல்லாமல் அங்கேயே கிடந்துவிட்டாராம். "அப்பன்னு போய் நிக்க எனக்கு உரிமை இல்ல. தெரியும். ஆனா அட்டையில பேரு இருக்குன்னு கேள்விப்பட்டதும், கூட்டத்தோட கூட்டமா ஒரு மூலையில நின்னு பாத்துட்டு வந்துரலாம்னு ஒரு ஆச வந்துச்சு. இப்ப எப்படிப் போறது? செத்தவன் வந்தா கல்யாண வீடு என்னா ஆகும்?"

தௌக்கேக்கு விஷயம் புரிந்ததும் ஆசாம் போயையே துப்பிவிட்டார். அதை அவர் துப்பி அன்றுதான் பார்த்தேன். "கடை தப்பு லா. எல்லாம் புதுசா அடிச்சுக் குடு. காசு வேண்டாம்" என்றார். மெய் லிங் புது விசைப்பலகையைப் பார்த்த பார்வையில் அது உருகியிருக்க வேண்டும். நான் தனலெட்சுமி அம்மாவுக்கு போன் செய்தேன். மன்னிப்புக் கேட்கும் அவசரத்தில் வார்த்தைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறின. கம்ப்யூட்டர் தப்பாகப் போட்டுவிட்டது, உங்கள் வீட்டுக்காரர் இங்கே நிற்கிறார், எல்லா அட்டையும் மாற்றித் தருகிறோம் என்றேன்.

அவர் மெதுவாக, "என்னா தப்பு?" என்று கேட்டார். "நீங்க ரெண்டு தடவ படிச்சீங்க. ரெண்டு தடவயும் எனக்குக் காது நல்லாத்தான் கேட்டுச்சு."

"அம்மா, அவரு உயிரோட..."

"தெரியும்க்கா. எனக்குச் சொல்ல வாய் வராத வார்த்தைய ஒங்க மிஷினு சொல்லிருச்சு. நான் ஏன் வேணாங்கப் போறேன்?"

விசைப்பலகை செய்த கோளாறு எல்லாம் அதுவரை எழுத்துக் கோளாறு. எபருமாளைப் பெருமாள் ஆக்கலாம், ந்தியாவை நதியா ஆக்கலாம். இது அப்படி இல்லை. அது தவறிப்போய் எழுப்பிய சுவரில் ஒரு மனுஷி போய்ச் சாய்ந்துகொண்டிருக்கிறார். நான் டிஷ்யூ எடுத்துக் கொடுத்தது எந்த அழுகைக்கு என்று அப்போதுதான் புரிந்தது. அந்தப் பக்கம் இன்னொரு குரல், "யாரும்மா? யாரு உயிரோட?" என்று கேட்டது. போன் துண்டிக்கப்பட்டது.

வந்தவர் போகவும் இல்லை, உட்காரவும் இல்லை. நாற்காலியைக் காட்டினேன், மாட்டேன் என்று வாசல் ஓரமாகவே நின்றார். மெய் லிங் வாங்கித் தந்த கோப்பி அவர் கையில் ஆறிக்கொண்டிருந்தது. வெளியே லாரியிலிருந்து தண்ணீர் கால்வாய்க்கு ஓடிக்கொண்டிருந்தது.

"தம்பி, ஒன் ஐஸ் எல்லாம் ஹாபிஸ் லா, கரைஞ்சி முடியுது" என்று தௌக்கே எட்டிப் பார்த்துச் சொன்னார்.

"கரையட்டும் தௌக்கே."

மதியத்துக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். யார் என்று சொல்லத் தேவையில்லை. தகப்பனின் மூக்கை அப்படியே எடுத்து வைத்த மாதிரி இருந்தது. வாசல் ஓரம் நின்றவரைத் தாண்டித்தான் உள்ளே வந்தாள், பிறகு திரும்பிப் பார்த்தாள். கடையில் அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. தௌக்கே போய் அதை நிறுத்தினார்.

"நீங்கதானா?" என்றாள்.

அவர் தலையாட்டினார்.

"கார்டு வந்த அன்னைக்கு அம்மாகிட்ட கேட்டேன். அப்பா செத்துட்டாரான்னு. 'அந்த ஆளத் தலமுழுகி எத்தன வருசமாச்சு'ன்னு சொன்னாங்க." அவள் குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் எனக்குக் கேட்கச் சுலபமாக இருந்திருக்கும். "எனக்குத் தெரியாம எப்பவோ சாவு சேதி வந்து, காரியமும் முடிஞ்சிருச்சுன்னு நெனச்சுக்கிட்டேன். கல்யாணம் வச்ச வீட்டுல அழக்கூடாதுன்னு சொல்வாங்க. பாத்ரூம்ல பைப்பத் தொறந்து விட்டுட்டு அழுதேன். நானும் தல முழுகிட்டு வந்து வெளக்கேத்துனேன். ஒங்களுக்கு."

தலைமுழுகுவது என்றால் உறவை அறுத்துவிடுவது என்று நம் எல்லோருக்கும் தெரியும். அம்மா அந்தப் பேச்சைத்தான் பேசினார். மகள் உண்மையாகவே தண்ணீரை ஊற்றிக்கொண்டாள். கோவிந்தன் கோப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை.

லலிதா என் பக்கம் வந்தாள். "அந்த எடத்தக் காட்டுங்கக்கா."

அட்டையைத் திரையில் திறந்தேன். அவள் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாலு வரி. நாலு அமரர். நாலாவதைக் கொஞ்ச நேரம் பார்த்தவள், "எந்தக் கட்டையக்கா அழிக்கிறது?" என்று கேட்டாள். காட்டினேன்.

அவள் ஒரு தடவை தட்டினாள். கடைசிப் புள்ளி போயிற்று. இன்னொரு தடவை தட்டினாள். ஒரு ரகரம் போயிற்று. அங்கேயே அவள் விரல் நின்றுவிட்டது. திரையில் 'அமர' என்று இருந்தது.

இத்தனை வருஷம் அந்தச் சொல்லை அடித்திருக்கிறேன். அதற்குள்ளே இப்படி ஒரு சொல் இருப்பது என் கண்ணில் பட்டதே இல்லை. அவளும் அதைத்தான் படித்தாள் என்பது அவள் உதடு அசைந்ததில் தெரிந்தது.

திரும்பாமலே, "எவ்வளவு நேரம் நின்னுக்கிட்டே இருப்பீங்க?" என்றாள். "உக்காருங்க."

காலையிலிருந்து நான் சொல்லியும் தௌக்கே சொல்லியும் உட்காராதவர், சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

அவள் மிச்சம் இருந்ததையும் அழித்தாள். 'திரு. கோவிந்தன்' என்று நின்றது. சேமிக்கலாம் என்று நான் கையை நீட்டினேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அந்தத் திருவும் வேணாங்கா. எங்கம்மா இத்தன வருசம் ஒத்தையில நின்னாங்க. அவங்க ஒரு வார்த்த போட்டாங்க, நான் எடுத்துட்டேன். அதுக்கு மேல எதுவும் நானாப் போட்டேன்னா அது அவங்களுக்குச் செய்யுற துரோகம். பேரு மட்டும் இருக்கட்டும்."

கல்யாண அட்டையில் திரு இல்லாமல் ஒரு பெயரா? நான் அப்படி அடித்ததே இல்லை. ஊரில் சண்டையே வந்துவிடும். நாற்காலியைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "போதும்மா. பேரே பெருசு" என்றார்.

"மேடையில தாரை வாக்கிறது மாமாதான்" என்று லலிதா அவரிடம் சொன்னாள். இப்போதுதான் நேராகப் பார்த்துச் சொன்னாள். "அது மாறாது. நீங்க வர்றதா இருந்தா கீழ வந்து உக்காருங்க. அம்மாகிட்ட நான் சொல்லிட்டுத்தான் கூப்புடுறேன், திருட்டுத்தனமா இல்ல. அவங்க வேணாம்னா வேணாம்."

புதிதாக ஒரு தாள் அச்சிட்டு எடுத்தேன். வழக்கப்படி தௌக்கே கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடிமட்டத்தோடு உட்கார்ந்தார். முதல் வரி சரி. இரண்டாவது சரி. மூன்றாவதும் சரி. நாலாவது வரிக்கு வந்ததும் அடிமட்டம் மேசையில் விழுந்தது. அவர் அழகு என்று மெச்சிய வரிசை கலைந்திருந்தது. மற்ற மூன்று பெயர்களுக்கும் முன்னால் எழுத்து இருந்தது. இந்தப் பெயருக்கு முன்னால் மட்டும் வெள்ளைத் தாள்.

"சாலா லா, ஸ்தெல்லா. இங்க கொசோங். காலியா இருக்கு. எல்லாருக்கும் முன்னால ஒண்ணு இருக்கு, இவருக்கு மட்டும் இல்ல."

நான் பதில் சொல்வதற்குள் லலிதா ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"தப்பு இல்ல தௌக்கே" என்றாள். "அந்த எடம் இப்போதைக்குக் காலிதான்."